சுரைக்காய்க்குத் தாயான நாய்

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாள் எங்கள் வீட்டில் ஆட்சி மாறும். நான் கணக்கு வாத்தியார். என் மனைவி பிரசவ வார்டு நர்ஸ். பிள்ளைகள் எல்லா மாதமும் பிறந்துகொண்டிருப்பதால் அவளுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. அதனால் மே மாதம் முழுக்க அடுப்படி, தோட்டம், நாய் மூன்றும் என் பொறுப்பு. காலையில் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டால், சாயங்காலம் வரை வீட்டில் நானும் நாயும் வெயிலும்தான்.

தோட்டம் என்று நான் சொல்வது ஆனையூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் துவைகல்லுக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கும் இடம். பத்து எட்டு வைத்தால் முடிந்துவிடும். அந்த வருஷம் அடித்த வெயிலில் தக்காளி நின்றபடியே கருகியது. வெண்டை முழங்கால் உயரம் வந்து மனசு மாறிவிட்டது. கீரை முளைத்த அன்றே வாடியது. அரிசி கழுவிய தண்ணீரையும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் குடித்துக்கொண்டு ஒரே ஒரு சுரைக்கொடி மட்டும் பிழைத்துக் கிடந்தது. அதற்குப் பந்தல் போட்டேன். இரண்டு நாளில் பந்தல் சாய்ந்தது. கொடி அதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையிலேயே ஓடியது.

சுரைப்பூ சாயங்காலம்தான் மலரும். வெள்ளை வெளேரென்று பூக்கும், காலையில் சுருங்கிவிடும். பூச்சி, வண்டு ஒன்றும் அந்தப் பக்கம் வரவில்லை. அவற்றுக்கும் வெயில்தானே. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தடவிவிடலாம் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். ஏழு பூக்களுக்குத் தடவினேன். ஆறு வெம்பி விழுந்தன. ஒன்று நின்றது. கட்டைவிரல் அளவில் பச்சையாக, மேலெல்லாம் பூனை முடி போல மெல்லிய ரோமத்தோடு ஒரு பிஞ்சு.

மனைவியை அழைத்துப்போய்க் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப இதுக்கு அப்பன் நீங்கதான்" என்றாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டு மாமாவிடமும் சொல்லிவிட்டேன். மாமா என்றால் சொந்தத்தில் மாமா இல்லை. பழைய ஊருக்குள் குடைக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வீடு கட்டி வந்தவர். வந்த அன்றைக்கே என்னை மாப்ள என்றார், நான் மாமா என்றேன். இன்றுவரை அப்படித்தான். அவருக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். நெய்ச்சோறும் தால்ச்சாவும். எலும்பும் பருப்பும் போட்டுக் கொதிக்கிற தால்ச்சாவில் சுரைக்காய் விழாவிட்டால் அது தால்ச்சாவே இல்லை என்பது மாமாவின் கட்சி.

"மாப்ள, அந்தக் காயி எனக்கு" என்றார்.

"அதுக்கென்ன மாமா, எடுத்துக்கங்க."

"சும்மா இல்ல. எங்க சம்பந்தி எப்பப் பார்த்தாலும் எங்க தோட்டத்துக் கத்திரிக்கா, எங்க தோட்டத்து மொச்சைன்னு ஒரே பெருமை. இந்தத் தடவை நானும் சொல்லப்போறேன், எங்க மாப்ள தோட்டத்துச் சுரைக்கான்னு."

சொல்லப்போறேன் என்றவர் அன்று மத்தியானமே சம்பந்திக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார்.

இப்போது நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நாய் நாலு வயதுப் பெட்டை. செம்மண் நிறம். அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தோம். ஆனால் அதே பெயரில் ஓர் அம்மா எங்கள் தெருவுக்குக் குடிவந்துவிட்டதால், இரண்டு வருஷமாக நான் அதை 'ஏய்' என்றும் மனைவி 'ஏத்தா' என்றும்தான் கூப்பிடுகிறோம். கோடையில் குளியலறைத் தரைதான் அதன் இடம். காலையில் போய்ப் படுத்தால் சாயங்காலம் வரை யாரும் குளிக்க முடியாது.

ஒருநாள் குளியலறை காலியாக இருந்தது. நான் சந்தோஷமாகக் குளித்துவிட்டு வந்துதான் நாய் எங்கே என்று தேடினேன். அது சுரைக்கொடியின் இலைகளுக்குள் வளைந்து படுத்திருந்தது. வயிற்றுக்குப் பக்கத்தில் சுரைப்பிஞ்சு. அதை நாய் நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி அந்தப் பூனை முடியெல்லாம் ஒரு பக்கமாகப் படிந்து, எண்ணெய் வைத்து வாரிவிட்ட மாதிரி பளபளத்தது.

"ஏய், எந்திரி" என்றேன்.

நாலு வருஷத்தில் என்னைப் பார்த்து உறுமாத நாய் உறுமியது. இலையை விலக்கலாம் என்று கையை நீட்டினேன். என் கைலியின் முனை அதன் வாய்க்குள் போனது. இழுத்துக்கொண்டு நான் ஒரு பக்கம், கைலி ஒரு பக்கம். ஈரத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் திரும்பி நடந்தபோது, மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த மாமா, "என்ன மாப்ள, காயி எம்புட்டு வந்திருக்கு?" என்று கேட்டார். இம்புட்டு என்று கையால் காட்டக்கூட எனக்கு வழியில்லை. ஒரு கை துண்டில் இருந்தது.

நாய்க்கு ஊசி போடுகிற டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மடி வீங்கியிருக்கா சார்?"

"ஆமா டாக்டர்."

"அப்ப இது பொய்ச்சினை. சினை ஆகாமலே உடம்பு சினைன்னு நினைச்சுக்கும். பால்கூடச் சுரக்கும். செருப்பு, பொம்மை எதையாவது குட்டின்னு வச்சுக்கிட்டு காவல் காக்கும். உங்க நாய் எதை வச்சிருக்கு?"

"சுரைக்காய்."

"கடையில வாங்குனதா?"

"இல்ல டாக்டர், கொடியில இருக்கு."

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர், "அப்ப... குட்டி வளருதா சார்?" என்று கேட்டார்.

"வளருது. நேத்துக்கு இன்னைக்கு ரெண்டு விரக்கடை கூடியிருக்கு."

"இப்படி ஒரு கேஸ் நான் பார்த்ததில்ல" என்றார் டாக்டரம்மா. செருப்பை வைத்துக்கொண்டிருக்கிற நாய் பத்து நாளில் சலித்துப்போய் விட்டுவிடுமாம். ஏனென்றால் செருப்பு வளராது. இங்கே பிள்ளை தினம் தினம் பெருக்கிறது. எந்தத் தாய்தான் நம்பாமல் இருக்கும்? எப்படியும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும், மடியைத் தொடாதீர்கள், முடிந்தால் நாய் பார்க்காத நேரத்தில் காயை அறுத்துவிடுங்கள் என்றார். நாய் பார்க்காத நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. மூத்திரம் போவதற்குக்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

சாயங்காலம் மனைவி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பின்பக்கம் போனாள். நாய் அவளைப் பார்த்து உறுமவில்லை. வாலை மெதுவாகத் தரையில் தட்டியது. அவள் உட்கார்ந்து அதன் காதை நீவிவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வார்டில் இருக்கிற முகமாக மாறியிருந்தது.

"காயை யாரும் தொடக் கூடாது" என்றாள்.

"டாக்டர் அறுக்கச் சொல்றாங்களே."

"அவங்களுக்கென்ன, போன்ல சொல்லிருவாங்க. தாய்கிட்ட இருந்து பிள்ளையைப் பிரிச்சா என்ன ஆகும்னு பத்தொன்பது வருஷமா நான் பாக்குறேன்."

"அது பிள்ளை இல்லம்மா, சுரைக்காய்."

"உங்களுக்குச் சுரைக்காய்."

மறுநாள் காலையில் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதி, வேளை, ஆகாரம், தண்ணீர் என்று கட்டம் போட்டு, கடைசியில் சிவப்பு மையில் இரண்டு வரி. தாய்: நலம். சேய்: ஒன்பது அங்குலம். தினமும் மத்தியானம் நான் அளந்து எழுத வேண்டும் என்று உத்தரவு. எப்படி அளப்பது? கம்பு ஒன்றில் கோடு போட்டு, மதில் மேல் ஏறி, தூரத்திலிருந்து நீட்டி அளந்தேன். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு அளவியல் சொல்லிக்கொடுத்தவன் அதை இப்படிப் பயன்படுத்துவேன் என்று நினைத்ததில்லை.

வெயில் தாயையும் சேயையும் சேர்த்துச் சுட்டது. மாமாவிடம் குடை கேட்டேன். விருந்தில் தால்ச்சாவுக்கு வேண்டிய காய் ஆயிற்றே என்று அவர் பெரிய மனசோடு, நடைபாதை வியாபாரிகள் விரிக்கிற பெரிய வண்ணக் குடை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கடையில் விற்காமல் கிடந்ததாம். அதை நட்டபோது சிவப்பும் மஞ்சளுமாகத் தோட்டம் முழுவதற்கும் அதுவே கூரை ஆகிவிட்டது. மாமாவின் வீட்டு அத்தை, நாய் குட்டி போட்டிருக்கிறது என்று மட்டும் கேள்விப்பட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பூண்டுக் குழம்பு வைத்து ஒரு தூக்குச்சட்டி நிறைய அனுப்பினார். டாக்டரம்மாவைக் கேட்டேன். நாய்க்குப் பூண்டு ஆகவே ஆகாது என்றார். அனுப்பியவர் மனசு நோகக் கூடாதென்று மூன்று நாள் அந்தப் பத்தியச் சாப்பாட்டை நானே சாப்பிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

தெருவுக்கும் அப்படியே சேதி போய்விட்டது. மொபட்டில் கீரை கொண்டு வருகிற அம்மா வாசலில் நின்று, "உங்க நாய் குட்டி போட்டிருக்காமே? எத்தன குட்டி?" என்று கேட்டார்.

"ஒன்னு" என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

"ஒன்னே ஒன்னா? பாவம். என்ன நிறம்?"

"பச்சை" என்றேன் வாய் தவறி. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வழக்கமாகப் போடுகிற கட்டோடு இன்னொரு கட்டு முருங்கைக்கீரையும் வைத்து, "நீங்க வெயில்ல ரொம்ப அலையாதீங்க சார்" என்று சொல்லிப் போனார்.

வியாழக்கிழமை ஆயிற்று. விருந்துக்கு மூன்று நாள். காய் முழங்கை அளவு தாண்டிவிட்டது. மாமா மாடியிலிருந்து கேட்கிறபோதெல்லாம் நான் "வருது மாமா, வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் ஒரு யோசனை வந்தது. அச்சு அசலாக இதே மாதிரி இன்னொரு காயை வாங்கி மாற்றி வைத்துவிட்டால்? தாயும் அழாது, மாமாவும் தலை குனிய வேண்டியதில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். எங்கள் காய்க்குக் கழுத்து லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். சுரைக்காய்க் குவியலின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படத்தோடு ஒட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்தவை நிறைய இருந்தன. கடைக்காரர் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னண்ணே, காணாமப் போன காயைத் தேடுறீங்களா?"

கடைசியில் ஒன்று கிடைத்தது. நிறம், கழுத்து, உடல் எல்லாம் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து நாய் படுக்கிற சாக்கை எடுத்து அதன் மேல் நன்றாகத் தேய்த்தேன். வாசனை வர வேண்டுமே. பிறகு ஆட்டெலும்பு ஒன்றை வேகவைத்து, துவைகல்லின் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, ஒரு கையில் கத்தியும் இன்னொரு கையில் புதுக் காயுமாக மதிலோரம் நின்றேன்.

நாய் மோப்பம் பிடித்தது. எழுந்தது. குடைக்கு வெளியே வந்து எலும்பைக் கவ்வியது. நான் ஓரடி எடுத்து வைத்தேன். ஆனால் நாய் அங்கேயே உட்கார்ந்து எலும்பைத் தின்னவில்லை. கவ்வியபடி திரும்பி வந்து, எலும்பைச் சுரைக்காயின் முன்னால் வைத்துவிட்டு, காயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. பிள்ளை தின்னட்டும் என்று.

அதன் பிறகு அறுக்க மனசு வரவில்லை. புதுக் காயைத் துவைகல் மேல் வைத்துவிட்டுக் கத்தியை உள்ளே வைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கல் காலி. நாய் புதுக் காயின் காம்பை நோகாமல் கவ்வித் தூக்கிப்போய்ப் பழைய காயின் பக்கத்தில் படுக்க வைத்திருந்தது. ஒரு பல் தடம்கூட இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றி நக்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி தாளில் புதிதாக ஒரு வரி எழுதினாள். சேய் இரண்டு: வளர்ச்சி இல்லை, கவனிக்கவும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். இனி மறைப்பதில் பிரயோசனமில்லை. பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"யா அல்லா. குடை இதுக்குத்தான் கேட்டியா?"

"ஆமா மாமா."

"நான் பேசிப் பாக்குறேன்."

பழைய பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு நாயின் முன் உட்கார்ந்தார். நான் காபி போட உள்ளே வந்தேன். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏத்தா, இங்க பாரு. நான் வாக்குக் குடுத்துட்டேன். சம்பந்தின்னா லேசுப்பட்ட விஷயம் இல்ல. ஒன்னு குடு, ஒன்னை வச்சுக்க. பெருசு வேணும்னுகூடக் கேக்கல. வாங்கிட்டு வந்ததையே குடு, போதும். எனக்கு அது தோட்டத்துக் காயிதான். தோட்டத்துல தான கெடக்கு?"

காபியோடு போனால் காட்சி மாறியிருந்தது. நாய் எழுந்து வந்து தன் தலையை மாமாவின் பாதத்தின் மேல் வைத்துத் தூங்கிப்போயிருந்தது. பத்து நாளாகக் கண்ணயராத தாய். மாமா அசையவில்லை. "உஷ்" என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"மாமா, இப்ப அறுத்துரவா?" என்று ரகசியமாகக் கேட்டேன். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

மாமா என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நம்பித் தூங்குது மாப்ள" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெயில் சாயச் சாய நான்தான் குடையை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். கால் மரத்துப்போய் அவரைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வாசற்படியில் நின்று, "என் மகளைக் கட்டிக் குடுத்து அனுப்புன அன்னைக்கு நானும் இப்படித்தான் வாசல்லயே படுத்துக் கெடந்தேன்" என்றார். "அந்தக் காயை விட்டுரு. சம்பந்திக்கு நான் ஒரு பொய்யைச் சொல்லிக்கிறேன்."

சனிக்கிழமை மார்க்கெட்டிலிருந்து அவரே ஒரு சுரைக்காய் வாங்கி, எங்கள் வீட்டுப் பக்கம் வராமல், முன்வாசல் வழியாகச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோனார். நாய் பார்த்தால் அதுவும் போய்விடும் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. நாங்களும் போயிருந்தோம். சம்பந்தி நல்ல உயரம், வெள்ளை மீசை, அதிகம் பேசாதவர். தால்ச்சாவை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"தோட்டத்துக் காயின்னா தனி ருசிதான்" என்றார்.

மாமா கண்ணை மூடித் திறந்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் கை கழுவிய கையோடு சம்பந்தி என்னைப் பார்த்து, "வாங்க, கொடியைப் பாத்துருவோம்" என்றார். தடுக்க வழியில்லை. அவர் முன்னால் நடக்க, மாமா, அத்தை, மனைவி, நான், மாமாவின் மருமகன் என்று ஒரு ஊர்வலமே எங்கள் பின்பக்கம் வந்து சேர்ந்தது.

வண்ணக் குடையின் கீழே நாய் படுத்திருந்தது. இரண்டு சுரைக்காய்களும் அதன் வயிற்றை ஒட்டி வரிசையாக. ஒன்று இன்னும் கொடியிலேயே. அறுத்த தடமே இல்லை. சம்பந்தி கொடியின் நுனி முதல் வேர்வரை கண்ணை ஓட்டினார். கொடியில் வேறு காம்பில்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார்.

என் மனைவிதான் முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னாள். வார்டில் உறவினர்களுக்குச் சொல்கிற தொனியிலேயே சொன்னாள். சம்பந்தி சிரிப்பார், அல்லது கோபப்படுவார் என்று காத்திருந்தோம். அவர் இரண்டும் செய்யவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு நாயின் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல ஒரு பசுவுக்குக் கன்னு செத்துப்போச்சு" என்றார். "வைக்கோலைத் திணிச்சு ஒரு கன்னு செஞ்சு பக்கத்துல நிறுத்துனோம். ஆறு மாசம் அதை நக்கிக்கிட்டே பால் குடுத்துச்சு. வைக்கோலு வெளிய பிதுங்கி, காது ஒன்னு விழுந்துபோச்சு. அதுக்கு அப்பவும் அது கன்னுதான்."

அவர் எழுந்து, "இந்தப் பக்கம் வெயில் படுது. குடையைத் தள்ளி நடுங்க" என்றார். மருமகனும் நானுமாகப் பிடுங்கித் தள்ளி நட்டோம். திரும்பி நடக்கும்போது மாமாவின் தோளில் கை போட்டு, "தால்ச்சா நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். மாமாவுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த புதன்கிழமை காலையில் நாய் எழுந்தது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. நேராக நடந்துபோய்க் குளியலறைத் தரையில் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு காய்களும் குடைக்குக் கீழே தனியாகக் கிடந்தன.

வேலைக்குப் புறப்பட்ட மனைவி குளியலறை வாசலில் நின்று, "ஏத்தா, பிள்ளைக தனியாக் கெடக்கு" என்றாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். சுரைக்காயில் ஒன்றைக் கொண்டுவந்து அதன் மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். நாய் அதை முகர்ந்து பார்த்து, அதன் மேல் தலையை வைத்துத் தலையணையாக்கித் தூங்கியது. அன்று அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் தாளில் கட்டங்களை அவளே நிரப்பினாள். தாய்: நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் தாளைக் கிழித்து மடித்து, "சமைச்சிருங்க. வீணாப் போகும்" என்றாள்.

கொடியில் இருந்த காய் முற்றிப்போய்க் கத்தி இறங்க மறுத்தது. தட்டினால் மரம் தட்டியது போலச் சத்தம். அதை விட்டுவிட்டேன். மார்க்கெட்டில் வாங்கியதை நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு வைத்தேன். ராத்திரி மூன்று தட்டுகள். நாயின் பங்கை மட்டும் தாளிப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்தேன். மனைவி ஒரு துண்டை எடுத்து வாய்வரை கொண்டுபோய்த் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். நாய் தன் தட்டைச் சுத்தமாக நக்கி முடித்து, இன்னும் இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தது.

அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வார்டுல இப்படி ஒருத்தியையும் நான் பாத்ததில்லத்தா" என்றாள். பிறகு தன் தட்டில் இருந்ததையும் அதற்கு வழித்துப் போட்டுவிட்டு, கை கழுவ எழுந்துபோனாள்.